மேற்குச் சுவருக்குள் இருந்த காற்று

வைகாசி, செவ்வாய். இரவு.

ஸ்டெல்லா அக்கா கட்டும் வீட்டின் மேற்குச் சுவர் போய்விட்டது. இடியவில்லை. இடிந்திருந்தால் திரும்பக் கட்டச் சொல்லியிருப்பேன்.

அந்தப் பழைய தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வைக்க வழியில்லை. மேற்கு வெயிலையாவது தடுக்கலாம் என்று, செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும்படி வரைந்து கொடுத்தேன். ஏ.சி. இல்லாமலே தூங்கலாம் என்று அக்காவிடம் வாக்கும் கொடுத்தேன். திண்டுக்கல் வெயிலுக்கும் அவருக்கும் நடுவில் அந்த வெற்றிடத்துக் காற்று ஒன்றுதான் இருந்தது.

நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது கொத்தனார் முருகன் அந்த வெற்றிடத்தையெல்லாம் கலவை ஊற்றி அடைத்துவிட்டார். இன்று பெருமையாகக் காட்டினார்.

“உள்ள பூராம் பொந்தா கெடந்துச்சு சார். வீட்டுக்காரவுகளுக்குத் துரோகம் பண்ணலாமா? இப்பப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கிது.”

ஏன் பொந்து என்று எத்தனை தடவை சொன்னேன். அப்போதெல்லாம் தலையை ஆட்டினார். திட்ட வாய் வரவில்லை. அவர் நல்லதுதான் செய்திருக்கிறார், அவர் கணக்கில்.

பொழுது சாய்ந்த பிறகு சுவரைத் தொட்டேன். தோசைக்கல் போலச் சுட்டது. ஸ்டெல்லா அக்காவும் பக்கத்தில் வந்து தட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“இப்பத்தான் தம்பி மனசு நெறஞ்சிருக்கு. இம்புட்டு கெட்டியா இருக்குல்ல, இனி தைரியமா ஏ.சி. மாட்டலாம்ல?”

மாட்டலாம் என்றேன்.