மணி அடித்ததும் ஓடிய உறுப்பினர்

1889 ஜூலை 8, பிரிஸ்பேன்
இன்று சட்டசபையில் நான் முழங்கிய முழக்கத்தில் சபாநாயகரின் பொய்முடி இரண்டு அங்குலம் பின்வாங்கியது. முப்பது வருடம் தங்கச் சுரங்கத்தில் பாறை உடைத்த குரல் அல்லவா! என் மசோதா ஒரே வரி: எல்லாச் சுரங்கத்திலும் வெளியேற இரண்டாவது குழி வேண்டும். எங்கள் ஊர் ரெட் கல்லிச் சுரங்கத்தில் நூற்றுப்பத்துப் பேருக்கு ஒரே குழிவாய். அவர்களில் ஒருவன் டிகரி, என் அக்காள் மகள் டாம்சினின் கணவன். நாளை வாக்கெடுப்பு.

ஜூலை 9
தோற்றோம். ஒரே வாக்கில். நான் போடாத வாக்கில்.

ஜூலை 10
எழுதித் தொலைக்கிறேன். நேற்று மதியம் வயிறு முட்டத் தின்றுவிட்டு இருக்கையிலேயே கண்ணயர்ந்தேன். வாக்கெடுப்பு மணி அடித்தது — நிற்காமல். சுரங்கத்தில் நிற்காமல் மணி அடித்தால் கீழே விபத்து. எல்லோரும் குழிவாய்க்கு ஓட வேண்டும். எனக்கு முன்னால் என் கால்கள் விழித்துக்கொண்டன. வழியில் இரண்டு குதிரைகளை முந்தினேன். ஆற்றங்கரையில் ஒரு போலீஸ்காரரை உலுக்கி, "குழி எங்கய்யா?" என்றேனாம். திரும்பி வந்தால் வாக்கெடுப்புக்காகச் சபைக் கதவு பூட்டியிருக்கிறது.

ஜூலை 19, ரெட் கல்லி
டாம்சின் இறைச்சி அப்பத்தை மேசையில் வைத்த வேகத்தில் மூன்று தெருவுக்கு நாய்கள் குரைத்தன. எங்கள் வீட்டில் அப்பத்தின் ஓரத்தில் அவரவர் பெயரெழுத்தை மாவில் செய்து ஒட்டுவாள். இன்று என்னுடையது மட்டும் எழுத்தில்லாத மொட்டை.
"ஊரே சிரிக்குது மாமா. இவரு இன்னும் அந்த ஒத்தக் குழியிலதான் இறங்குறாரு."
சபையை அதிரவைத்த வாயில் மொட்டை அப்பத்தைத் திணித்துக்கொண்டேன்.
டிகரிதான் சிரித்தான். "விடு புள்ள. அந்த மணியக் கேட்டும் உக்காந்திருந்தா அவரு நம்ம ஆளே இல்ல. மறுபடி கொண்டுவாங்க மாமா. சாப்பிடாமப் போங்க, அவ்வளவுதான்."

1890 செப்டம்பர் 2, பிரிஸ்பேன்
பட்டினி. மணி அடித்தது. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நான்கு வாக்கில் வென்றோம்!

செப்டம்பர் 11, ரெட் கல்லி
அப்பம் இன்னும் மொட்டைதான். "மொதல்ல குழி வெட்டட்டும் மாமா" என்கிறாள்.

1892 மார்ச் 14, ரெட் கல்லி
காலையில் சுரங்கத்து மணி. நிற்காமல். செருப்பில்லாமல் ஓடினேன். குழிவாயில் புகை, புகைக்குள் யாருமில்லை. முழங்காலிட்டு "டிகரி! டிகரி!" என்று கத்தினேன் — பெரிய பேச்சாளன், வேறு சொல்லே கிடைக்கவில்லை.
முதுகில் ஒரு கை.
"யாரக் கூப்பிடுறீங்க மாமா?"
கரி அப்பிய முகம். அவனுக்குப் பின்னால் மேட்டிலிருந்து மொத்தப் பேரும் இறங்கி வருகிறார்கள்.
"புதுக் குழி அந்தப் பக்கம். வாங்கிக் கொடுத்தவரே தப்பா ஓடி வந்திருக்கீங்களே!"
இரவு அப்பம் வந்தது. ஓரத்தில் என் எழுத்து. ஒரு முழ நீளம்.