நீ திறக்கச் சொன்ன கோப்பு

கொதோனேவுக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். பனி கூரையை அமுக்குகிறது, உன் தாத்தா, சொன்ன பேச்சைக் கேட்காமல், ஏணி ஏறி அதைத் தள்ளிவிட்டு இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு போர்வை போர்த்திய கணப்பு மேசைக்கடியில் கிடக்கிறார். போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய், தபால்காரரைத் தடுக்க முடியாதே, அதனால்தான் விரைவுத் தபால். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

போன மாதம் நீ கேட்டபோதே முடியாது என்றேன். ஒகுமுரா வீட்டு ரியோஹெய்யைக் கல்யாணம் செய்யப் போகிறாய், அவன் அம்மா மாதாமாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறார், என்ன நோய், பரம்பரையாக வருமா, நாளைக்கு மூத்த மருமகள் என்று அவரைப் பார்த்துக்கொள்வதை உன் தலையில் கட்டுவார்களா, எல்லாம் நான் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல வேண்டும் உனக்கு. மறுத்ததும் என்ன சொன்னாய்? “பதினேழு வயசுல என்னைப் பெத்துக்கிட்டு ஸ்கூலை விட்டு ஓடினவ நீ, இப்ப தபால்ல படிச்சுக்கிட்டு எனக்கே சட்டம் பேசறியா?” ஆமாம்டி, ஓடினேன். ஒரு இடத்தில் உட்கார எனக்கு அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது, பாடப்புத்தகத்தைச் சமையலறையில் நின்றுகொண்டுதான் படிக்கிறேன். விட்ட பள்ளிப் பரீட்சையை முப்பது தாண்டி எழுதினேன், பகலில் ஆஸ்பத்திரிப் பதிவு அறையில் வேலை, மிச்ச நேரத்தில் இந்த மருத்துவத் தகவல் படிப்பு. டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சரியான குறியீடு போட வேண்டும். முதுகுவலிக்கு இருக்கிறது, நாய்க்கடிக்கு இருக்கிறது, உன் வாய்க்கொழுப்புக்கு மட்டும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

சரி, என்னை ஏசினாய், அது நம் வீட்டுச் சண்டை. மியாஜி அக்காவுக்கு எதற்கு போன் செய்தாய்? நான் வேலைக்குப் போன காலத்தில் உன்னை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தவர். எங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருக்கிறார், உனக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது, தெரிந்துதானே கேட்டாய்? நேற்று மதியம் நான் சோற்றுருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார், முகத்தில் ரத்தமே இல்லை. “அகானே, புள்ள போன்ல அழுதுச்சுடி, ஒகுமுரா அம்மாவோட கோப்பைத் திறந்துட்டேன். பயமாப் போச்சு, படிக்காமலே மூடிட்டேன். நீதான் இதெல்லாம் படிக்கிறியே, நான் திறந்தேன்னு கம்ப்யூட்டர்ல பதிவான தடத்தை அழிச்சுடேன்” என்றார். “யாரும் அழிக்க முடியாதபடி வைக்கிறதுதான் அக்கா என் பாடமே” என்றேன். அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனேன். யார் திறந்தது, யார் திறக்கச் சொன்னது, இரண்டு பெயரையும் நானே சொன்னேன். உன் பெயரை முழுதாகச் சொன்னேன். “கல்யாண விஷயம், உங்க பொண்ணு வேற, அந்தப் பேரை விட்டுட்டு எழுதிக்கலாமா?” என்று அந்த மனுஷன் கேட்கக்கூடச் செய்தார். வேண்டாம் என்றேன். மியாஜி அக்காவை வரவேற்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், இன்று துணி அறையில் போர்வை மடிக்கிறார். என் கடவுச்சொல்லை உனக்குக் கொடுத்தேனா என்று என்னையும் விசாரிக்கிறார்கள். அடுத்த மாதம் பரீட்சைக்கு விடுவார்களா, தெரியாது.

இப்போது உன் கதை. கோப்பு யாருடையதோ அவரிடம் சொல்லியாக வேண்டும், அது இங்கே விதி. வெள்ளிக்கிழமை காலை தலைவர் ஒகுமுரா அம்மா வீட்டுக்குப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்கப் போகிறார், உன் பெயரோடு. அதற்குள் நீ போ. வியாழக்கிழமை டோக்கியோவிலிருந்து ரயிலைப் பிடி. ரியோஹெய்யை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளியாதே. கல்யாணம் நின்றால் நிற்கட்டும், நீ போகாமல் நின்றால்தான் எனக்கு அவமானம். அவருக்கு என்ன நோய் என்று என் அம்மாவுக்குத் தெரிந்திருக்குமே என்று இப்போதும் உன் புத்தி ஓடும். தெரியுமா, தெரியாதா என்பதைக்கூட உன்னிடம் சொல்லமாட்டேன். கடையில் அவரைப் பார்த்தால் முள்ளங்கி இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது என்று பேசுவேன், அவரும் ஆமாம் என்பார். இந்த ஊரில் பாதிப் பேர் என் எதிரே கூசாமல் நடக்கிறார்களே, அது நான் வாயைத் திறக்காததால். அதைத்தான் நீ விலை பேசினாய்.

ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வா, தெருவெல்லாம் வழுக்குகிறது. ஸ்டேஷனுக்கு வருவேன், ஆனால் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. முதலில் துணி அறைக்குப் போய் மியாஜி அக்கா முன்னால் நில், பிறகு ஒகுமுரா வீடு. வாழ்த்து எழுத இன்று கை வரவில்லை, ஆனாலும் நோய் நொடி இல்லாமல் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே: மன்னிப்புக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து உங்களுக்கு என்ன நோய் என்று கேட்டுவைக்காதே. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் எழுந்து வா.

உன்னைப் பெற்ற,
அகானே