அக்காவை ஏற்றி வந்த ரோந்துக் கப்பல்

ஒரகடம்,
ஏப்ரல் 2015

அன்புள்ள அம்மாவுக்கு மகன் மகாராஜா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போனில் நீங்கள் அழுதுகொண்டே இருந்ததால் எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

முத்துச்செல்வி அக்கா ஏமனிலிருந்து நல்லபடியாக வந்துவிட்டாள். கீழ்வீட்டில் எங்கள் வீட்டுக்காரர் காமாட்சியம்மாளோடு தங்கியிருக்கிறாள். "இன்னா இப்டி எளைச்சிப்போயி வந்துகீது பொண்ணு" என்று அவர் மீன்குழம்பாக ஊட்டுகிறார்.

சண்டையால் நம் கடற்படையின் ரோந்துக் கப்பல் கரைக்கு வர முடியாமல் கடலிலேயே நின்றதாம். எல்லோரும் படகில் போயிருக்கிறார்கள். அக்கா தன்னோடு வேலைபார்த்த கர்ப்பிணி நர்ஸை முதலில் ஏற்றிவிட்டுத்தான் ஏணியைப் பிடித்திருக்கிறாள். மேலே கைகொடுத்த கடற்படைக்காரர் தமிழர்.

"எந்த ஊரும்மா?"

"உடன்குடி."

"நம்ம பக்கந்தானா? இனி பயமில்ல தாயி, வீட்டுக்கு வந்துட்டன்னு நெனச்சுக்கோ."

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாளாம். கப்பலில் எல்லோரும் கைதட்டினார்களாம். பக்கத்து நாட்டில் இறக்கி, அங்கிருந்து விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். ஏர்போர்ட்டில் அவளைப் பார்த்ததும் நானும் கைதட்டினேன்.

அடுத்த வாரம் ஊருக்கு ரயிலேற்றி விடுகிறேன், அதுவரை என்னோடு இருக்கட்டும், கோபிக்காதீர்கள். மூன்று வருடமாக இங்கே நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அவள் அங்கே வருகிறவள், அவளிடம் கொடுத்தனுப்ப முடியாது, அதனால் எனக்கான கருப்பட்டியைப் பார்சலில் போடுங்கள்.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. இனி டிவியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

மகாராஜா