வெறும் கரைப்பான்

மார்ச் 4, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வகுப்பு. ஒரு பெண் கேட்டாள்: "எடை போடறதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ பெரிய மெஷின்?" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கேள்வி பிடித்திருந்தது. மூலக்கூறைத் தராசில் வைக்க முடியாது. அதற்கு மின்னூட்டம் ஏற்றி, காற்றே இல்லாத குழாய்க்குள் விரட்ட வேண்டும். மின்புலத்தில் இலேசானது ஒரு விதமாக ஆடும், கனமானது வேறு விதமாக. அந்த ஆட்டத்திலிருந்துதான் எடை தெரியும். மின்னூட்டம் ஏறாதது இயந்திரத்தின் கண்ணில் படவே படாது.

முடிவில் வழக்கமான பல்லவி: மாதிரிக்கு முன்னால் வெறும் கரைப்பானை ஓட்டுங்கள். இயந்திரத்தின் வாயில் நேற்றுத் தின்றது ஒட்டியிருக்கும். இந்த மாதம் முழுக்க மருத்துவமனையிலிருந்து வரும் இரத்த மாதிரிகள், தூக்க மாத்திரைச் சோதனை. ஒட்டுவதற்குக் கேட்கவா வேண்டும்.

மார்ச் 8, சனி

அண்ணன் வீடு. நல்ல பகலில் அப்பா நாற்காலியிலேயே தூங்குகிறார். மடியில் பேப்பர், பிரிக்காமல். போன மாதம்வரை குறுக்கெழுத்தில் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தவர். எழுப்பினேன். "ம்... வந்துட்டியா" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி அப்பாவுக்குப் பாலோடு வந்தார். நான் கேட்காமலே பேச்சை எடுத்தார்: "எந்நேரமும் தூக்கம்தான். எனக்கே பயமா இருக்கு. உங்க அண்ணனுக்கு லீவு கிடைக்கல. நீ ஒரு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்."

ஏன் முந்திக்கொள்கிறார்?

அண்ணி தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர். ஃபிரிட்ஜ் மேல் அட்டை கிடந்தது, பாதி காலி. முன்பெல்லாம், இரவில் அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் தூக்கம் கெடுகிறது என்று புலம்புவார். இப்போது புலம்பல் இல்லை. முகம் தெளிந்திருக்கிறது.

யார் தூங்க, யாருக்கு மாத்திரை?

மார்ச் 9, ஞாயிறு

மறுபடியும் போனேன். அண்ணன் கதவைத் திறந்ததும், "என்ன சி.ஐ.டி., நேத்தும் வந்தே, இன்னிக்குமா? வீட்ல கேஸ் ஏதாச்சும் இருக்கா?" சிரித்து வைத்தேன்.

அப்பா மிச்சம் வைத்த பாலைக் கைப்பையிலிருந்த கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக்கொண்டேன். நிமிர்ந்தால் அறை வாசலில் அண்ணி. பார்த்தாரா? பார்த்திருந்தால் ஏன் கேட்கவில்லை?

மார்ச் 10, திங்கள்

எல்லோரும் சாப்பிடப் போன நேரம். பாலைத் திரியவைத்து, மேலே தெளிந்ததை அவசரமாக வடிகட்டி ஏற்றினேன்.

திரையில் எடை 285-இல் பீக், கூர்முனை மாதிரி. பக்கத்தில் 287-இல் இன்னொன்று, மூன்றில் ஒரு பங்கு உயரம். குளோரின் உள்ள மூலக்கூறு இப்படித்தான் இரட்டையாக வரும்; குளோரினுக்கு இயற்கையிலேயே இரண்டு எடை. போதாதென்று 285-ஐ உடைத்துப் பார்த்தேன். 193, 154. உடைகிற விதத்தை எந்த மூலக்கூறாலும் மாற்றிக்கொள்ள முடியாது. தூக்க மாத்திரையேதான்.

நான் நினைத்தது சரி என்று உள்ளுக்குள் ஒரு துளி சந்தோஷம் — சீ.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டுவிட்டேன். சமையலறையில் நின்று, அண்ணன் காதுபட: "அண்ணி, அப்பா பால்ல என்ன கலக்கறீங்க?"

"உனக்கென்ன கிறுக்கா?" என்று அண்ணன் கத்தினான். அண்ணி அடுப்பை அணைத்தார்.

"அன்னிக்கு எடுத்துட்டுப் போனியே, சோதிச்சுட்டியா?"

"சோதிச்சுட்டேன். இருக்கு."

அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. அப்பாவின் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு நீட்டினார். "உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போ. ஆனா டாக்டர்கிட்ட காட்டு."

தப்பு செய்தவருக்கு இவ்வளவு நிதானம் வருமா? வரும். பழகிப்போயிருந்தால் வரும்.

மார்ச் 13, வியாழன்

விடுப்பு. அப்பா என் வீட்டில். பால் என் கையால். தூங்கிக்கொண்டேதான் இருக்கிறார். உடம்பில் ஏறியது இறங்க நாளாகும்.

மார்ச் 15, சனி

இறங்கவில்லை. கூடியிருக்கிறது. குளியலறைக்குப் போகும்போது தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் காய்ச்சுகிற பாலில் யார் கலக்கிறார்கள்?

மார்ச் 17, திங்கள்

பல் தேய்க்கும்போது உறைத்தது. அன்று பாலுக்கு முன்னால் வெறும் கரைப்பானை ஓட்டவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிற நான்.

பக்கத்து வீட்டம்மாவை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு ஓடினேன். பாலில்லை, எதுவுமில்லை, வெறும் கரைப்பான். 285. 287. அதே உயரக் கணக்கு. ஆஸ்பத்திரி மாதிரிகளின் எச்சம், ஊசியிலும் குழாயிலும். கழுவினேன், மறுபடி கழுவினேன், கோடு தட்டையாகும்வரை. பிறகு, அன்றைய பாலில் ஃப்ரீசரில் எடுத்துவைத்திருந்த மிச்சத்தை ஏற்றினேன்.

ஒன்றுமில்லை. அது வெறும் பால்.

அங்கிருந்தே வீட்டுக்கு ஓடி, அப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தத்தில் உப்பு பாதாளத்துக்கு இறங்கியிருக்கிறது. பிரஷருக்குப் புதிதாகக் கொடுத்த மாத்திரை உப்பை இழுத்து வெளியேற்றியிருக்கிறது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். மாத்திரைப் பையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே?" என்றார்.

வந்திருக்கலாம். ஒரு மனுஷி சொன்னாள், டாக்டர் டாக்டர்னு. நான்தான் அவ மூஞ்சியப் பார்த்துட்டு இருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் போர்வையைச் சரிசெய்தார். நான் ஆரம்பித்தேன்: "அண்ணி, மெஷின்ல முன்னாடி ஓட்டினது ஒட்டிட்டு இருந்து..."

"மெஷின் மேல போடாத" என்றார்.

மார்ச் 19, புதன்

"தப்பு என்னுது அண்ணி" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

அப்பா பேப்பர் கேட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

அப்பா அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார். அவராகக் கேட்டுத்தான்: "அங்கயே இருக்கேனே. அவளுக்கு என் பக்குவம் தெரியும்." இன்று போனபோது குறுக்கெழுத்தை முழுக்க முடித்திருந்தார். எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

அண்ணி இரண்டு டம்ளர் பால் கொண்டுவந்தார். ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார். இன்னொன்றை என் முன்னால் வைத்து, "குப்பி கொண்டு வந்திருக்கியா?" என்றார். அண்ணன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"இல்ல அண்ணி."

குடித்தேன். எனக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும் என்று அண்ணிக்குத் தெரியும்; இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை. இன்று சர்க்கரை இல்லை. கேட்காமல் குடித்து முடித்தேன். முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறும் போவேன்.