பேச்சிக்கு முடி இறக்கும் ஆடி

1934 மார்ச் 4, ஞாயிறு

காலையில் பேச்சிக்குத் தலை வாரிப் பின்னினேன். முடி இடுப்பைத் தொடுகிறது. ஏழு வயதில் எனக்குக்கூட இவ்வளவு முடி இருந்ததில்லை. சிக்கெடுத்தால் கத்த மாட்டாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் சவரம் செய்தபடியே சொன்னார்: "ஆடித் திருவிழாவோட முடிச்சிடணும் சந்திரா. ஏழு வயசுன்னுதானே வேண்டிக்கிட்டோம்?"

வேண்டிக்கொண்டதுதான். எனக்கு முதலில் பிறந்த மூன்று ஆண் பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட்டார்கள். இந்த ரப்பர் தோட்டத்துக் கடைசி வரிசைப் பால்மரங்களுக்கு அப்பால் கிடக்கிறார்கள். நான்காவதும் ஆணாகப் பிறந்தபோது மருத்துவச்சி அங்கம்மா ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை என்னிடம் வாங்கி, அதே தவிட்டுக்கு என்னிடமே விற்றாள். மூக்குக் குத்தினாள். "பொட்டப் புள்ளயா வளத்துடு. எமன் ஆம்பளப் புள்ளயத் தேடி வந்து ஏமாந்து போவான்" என்றாள். வைத்த பேர் லெட்சுமணன், கூப்பிடுவது பேச்சி. நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளிக்கூடம் போனவள் நான், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் பெண்டாட்டி, இதையெல்லாம் நம்பவில்லை. ஆனாலும் செய்தேன். பிள்ளை தங்கியது.

மார்ச் 19

இன்று அவளிடம் சொன்னேன். முடி மாரியம்மனுக்கு, மூக்குத்தி உண்டியலுக்கு, பிறகு காற்சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம்.

"முடி திரும்ப வளருமா அம்மா?"

"வளரும். வெட்டிடுவோம். நீ ஆம்பளப் புள்ள. பொண்ணு மாதிரி வேஷம்தான் போட்டு வச்சோம்."

"நான் வேஷம் போடலியே" என்றாள். வாதாடவில்லை. நான்தான் ஏதோ மறந்துபோனவள் என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

ஏப்ரல் 8

"நீதான் கெடுத்த. பொட்டு, வளையல், பின்னல். வேண்டுதல்னா ஒரு அளவு இல்லியா?" என்கிறார் அவர்.

நானா? நாள் முழுக்க அதையே யோசித்தேன். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் அங்கம்மா இப்படி வளர்க்கச் சொன்ன பையன்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருவன் நாலு வயதிலேயே பாவாடையைக் கழற்றி எறிந்துவிட்டு அம்மணமாக ஓடினான். அவன் அம்மா துரத்தித் துரத்தி ஓய்ந்து போனாள். பாவாடை கட்டியதால்தான் பெண்ணானாள் என்றால் அவன் ஏன் ஆகவில்லை?

மே 2

காற்சட்டை மாட்டி, பின்னலைத் தொப்பிக்குள் மடித்து, அவரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனார். மதியம் தனியாக வந்தாள். தொப்பி இல்லை. மூக்கில் ரத்தம். பையன்கள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வாத்தியார் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

சாயந்தரம் பெரிய கங்காணி மணியம் வாசலில் வந்து நின்றார். "கிராணியம்மா, சின்னதுல செஞ்சது சாமி காரியம். இப்பவும் அப்படியே விட்டா வேற பேரு. தோட்டத்துக்கே ஆகாது. எங்க வீட்டுப் புள்ளைங்களும் இத பாத்துத்தான வளரும்?"

மணியம் போனதும் என் வீட்டுக்காரர் பெல்ட்டை அவிழ்த்தார். குறுக்கே விழுந்தேன். எனக்கும் பட்டது.

மே 3

இவள் கன்னத்தில் மை வைத்துக் கொஞ்சிய அதே பொம்பளைகள், குழாயடியில் இவளைக் கண்டதும் தங்கள் பெண்களைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அங்கம்மாவும்தான். இவளைத் தவிட்டுக்கு வாங்கி விற்றவள்.

ஜூன் 17

மத்தியானம் பேச்சியைக் காணவில்லை. லயமெல்லாம் தேடினேன். கடைசியில் பால்மரங்களுக்கு அப்பால், மூன்று குழிமேட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஒரு பொட்டுகூட இறங்காத இடம். கொசு மொய்க்கிறது. விரட்டாமல் இருந்தாள்.

"இங்க என்னடி பண்ற?"

"அண்ணனுங்க கூட இருக்கேன். முடிய எடுத்துட்டா நான் இங்கயே இருந்துக்கறேம்மா. நீ தனியா வீட்டுக்குப் போயிடுவியா?"

தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். ஓடும்போது யாரோ பின்னால் வருகிறார்கள் என்றே தோன்றியது. சின்னக் கால்கள். ஒன்றல்ல. திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். சாத்தியபிறகு — ஐயோ, அதுகளும் நான் பெற்றதுகள்தானே, வெளியே விட்டுச் சாத்திவிட்டேனே என்று அழுதேன்.

அந்த மூன்றில் எதுவாவது இவளைப்போல இருந்திருக்குமோ? கேட்கிற வயது வரைக்கும்கூட இருக்கவில்லை.

ஜூலை 22

அவள் குழிமேட்டில் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுதார்.

"எனக்கு மட்டும் ஆசையில்லியா? தங்கினது ஒண்ணு. நாளைக்கு நமக்குக் கொள்ளி வைக்க யாரு இருக்கா? கங்காணி தொரைகிட்டப் போனா இந்த வேலையும் இருக்காது. சின்னப் புள்ள எதையாச்சும் சொல்லும் சந்திரா. மொட்டை அடிச்சா ரெண்டு நாள்ல மறந்துடும்."

மறக்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும். முடியை எடுத்தால் அவள் அங்கே போய்விடுவாள். எந்த நாள் என்பதுதான் தெரியாது.

ஜூலை 29

இந்த ஊரில் கிராணி பெண்டாட்டி சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மன் சொன்னால் கேட்பார்கள். அம்மன் யார் வாயாலும் பேசுவாள். போன வருசம் பால்வெட்டுக்காரி ஒருத்தி வாயால் மழை கேட்டாள். துரைகூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டேன். "இந்த முடி என் முடி. இதுல கத்தி படக்கூடாது. இவ என் பொண்ணா இருக்கட்டும்." அவ்வளவுதான். பாவம் என்றால் என் தலையில் விடியட்டும்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

இன்றே எழுதிவிட வேண்டும்.

கோயில் வாசலில் பேச்சியை மணைமேல் உட்கார வைத்தார்கள். அழவில்லை, அசையவில்லை. நாவிதர் தண்ணீர் தெளித்தார். உடுக்கை அடித்தார்கள். நான் கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. அதுவரைக்கும் நான் நானாகத்தான் இருந்தேன்.

பிறகு வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்தது வரவில்லை.

"மூணு பேர எடுத்துட்டேன். இவ எனக்கு வேணும்" என்றது. என் குரல் இல்லை. "கத்தி வச்சவன் வீட்டுல வெளக்கு எரியாது. பொண்ணா வந்தா, பொண்ணாவே இருப்பா."

நாவிதர் கத்தியைப் போட்டுவிட்டார். மணியம் மண்ணில் விழுந்தார். என் வீட்டுக்காரரும் விழுந்தார். எனக்கு முன்னால் இல்லை, பேச்சிக்கு முன்னால்.

ஆகஸ்ட் 4

தொண்டை கட்டிக்கொண்டது. "இவ எனக்கு வேணும்" — அதை நான் சொல்லவே இல்லையே. யார் கேட்டது? நான் எதற்குச் சம்மதித்தேன்?

செப்டம்பர் 9

யாரும் அடிப்பதில்லை. காற்சட்டைப் பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கம்மா பேத்தியைக் கொண்டுவந்து இவள் காலடியில் கிடத்தினாள். பேச்சி பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

அவர் பெற்ற பெண்ணை "வாங்க" என்கிறார். ஒரே பாயில் உட்காருவதில்லை. பெல்ட்டைவிட இது மேல்தான். மேல்தானே?

அக்டோபர் 14

பேச்சிக்குக் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் கொயினா மருந்து கொடுத்தார். அம்மன் கேட்டதை எடுத்துக்கொள்ள வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஜன்னல் பக்கம் அந்தச் சின்னக் கால்கள் கேட்டன. இந்தத் தடவை ஓடவில்லை. "தங்கச்சிய விட்டுடுங்கடா, அம்மா கெஞ்சறேன்" என்று வாய்விட்டே சொன்னேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. நன்றி யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 11

பேச்சி தானே துணிந்து லயத்துப் பெண்களோடு விளையாடப் போனாள். அஞ்சாங்கல்லும் கையுமாகப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"சேத்துக்கலியா?"

"சேத்துக்கறாங்க. ஆனா கல்ல நான் கீழ விட்டாலும் விடலன்னு சொல்றாங்க. நான் ஜெயிச்சேன்னே சொல்றாங்க. சாமிய ஜெயிச்சா கண்ணு போயிடுமாம்." மூக்கை உறிஞ்சினாள். "அம்மா, நான் பொண்ணுன்னுதான சொன்னேன். சாமின்னு சொல்லலியே."

முடியைக் காப்பாற்றிக் கொடுத்தேன். விளையாட ஆள் வாங்கித்தர எத்தனை தடவை சாமியாடினாலும் முடியாது.

அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கல்லை வாங்கினேன். சின்ன வயதில் இதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. விட்டுக்கொடுக்காமல் ஆடினேன். இரண்டு தடவை அவள் முகம் அழுகிற மாதிரி போனது, அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. சுத்தமாகத் தோற்றுப்போனாள்.

"தோத்துட்டேன்" என்றாள். பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொரு ஆட்டம் கேட்டாள்.