வெந்நீர்ப் பூங்கா வாசலில் கேட்கப்பட்ட ஒரு பெயர்

அனுப்புநர்:
மைராம்கான் ஷெரலியேவா,
சமையலர், அரசு மழலையர் பள்ளி,
சாரி-தெரெக் கிராமம், தெமிர்-சூ மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நிர்வாகத் தலைவர் (அக்கீம்) அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம், தெமிர்-சூ.

பொருள்: தெமிர்-அராஷான் பொது வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் என் மாமனார் விழுந்து கிடந்தபோது முதலுதவி அறையைத் திறக்காமல் வேடிக்கை பேசியது குறித்து முறையிடுவது; அதன்பின் பூங்கா எழுதிய அறிக்கையில் என்மீது சுமத்தியுள்ள பொய்யை நீக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

இதுவரை எந்த அலுவலகத்துக்கும் நான் மனு எழுதியதில்லை. எங்காவது மரியாதை குறைந்து வார்த்தை விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. என் கணவர் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார். வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் மாமனாரும்தான். மாமியார் காலமாகிவிட்டார். ஆண்டுதோறும் வைக்கோல் வீடு வந்து சேர்ந்ததும் முட்டிவலிக்காக மாமனார் அராஷான் வெந்நீர்க் குளத்தில் போய் முங்கிவிட்டு வருவது வழக்கம். இந்த முறை நான் மினிபஸ்ஸில் கூட்டிப்போனேன். அவர் ஆண்கள் குளத்துக்குள் போனார். நான் துண்டும் ஃபிளாஸ்க்கும் பொரித்த ரொட்டியுமாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "கொஞ்ச நேரந்தாம்மா. டீயை ஆற விட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முழுதாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான் ஐயா.

2. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர், "யாரோட ஆளுய்யா இவரு? பெரியவர் சாஞ்சுட்டாரு! வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, யாராச்சும் ஓடியாங்க!" என்று கத்தினார். ஆண்கள் பகுதி என்றெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. வாசலில் போய் எட்டிப் பார்த்தேன். பலகைமேல் இழுத்துப் போட்டிருந்தார்கள். என் மாமனார்தான். பூங்கா இருக்கும் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே பூங்கா வாசலுக்கு ஓடினேன். முதலுதவி அறைச் சாவியும் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் போனும் அங்கே இருக்கும் கலிப்பா என்ற பெண் ஊழியரிடம்தான் இருக்கின்றன.

3. நோயாளியின் பெயரைச் சொல்லிப் பதிந்த பிறகே அறை திறக்கப்படும் என்று அங்கே பலகை தொங்குகிறது. போன குளிர்காலத்தில் வாலிபர்கள் சிலர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப்போய்ப் பனியில் சறுக்கி விளையாடியதால் வந்த விதியாம்.

கலிப்பா, "பேரு?" என்றார்.

"எங்க வீட்டுப் பெரியவருங்க, சீக்கிரம் வாங்க" என்றேன்.

"பெரியவர் எல்லா வீட்லயுந்தான் இருக்காரு. பேரைச் சொல்லு."

என் ஊரைச் சொன்னேன். என் மகன் பெயரைச் சொல்லி, அவனுடைய தாத்தா என்றேன். ஐயா, தாங்களும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். நம் வீடுகளில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. கல்யாணமான புதிதில், கரண்ட் பில்லில் இருந்த அவர் பெயரை லைன்மேனிடம் வாசித்துவிட்டேன். அதற்கு என் நாத்தனார் ஜிபார் அந்தக் கோடை முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து ஒருநாளும் நான் சொன்னதில்லை. பூங்கா வாசலிலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை; மகன் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கலிப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அட, மாமனாரா! அதான் நாக்கு சுருண்டுக்கிச்சா?" என்று சிரித்தார். பக்கத்து டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்து, "இங்க பாருங்கப்பா, இந்தக் காலத்துலயும் ஒரு நல்ல மருமக!" என்றார். அவர்களில் ஒருவர், "முதல் எழுத்தையாவது சொல்லும்மா, மிச்சத்தை நாங்க கண்டுபிடிச்சுக்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "உள்ள கெடக்காருங்க, வாய் கோணிக்கிச்சுங்க" என்று நான் கதறியது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் ஏறவில்லை. கலிப்பா சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே, "நானும் ஒரு வீட்டு மருமகதான்டி. எம் மாமனார் பேரை நானும் இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. நீ சொல்லு பாப்போம், சாவி உனக்கு" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வெந்நீரில் அதிக நேரம் இருந்துவிட்டுத் தலைசுற்றி உட்காரும் கிழவர்கள் அங்கே தினமும் உண்டு. இவரும் அப்படி ஒருவர் என்று நினைத்திருப்பார். ஆனால் ஒரு மனிதர் பலகைமேல் கிடக்கும்போது சிரித்த முகத்தோடு ஒருத்தி சாவியைச் சுழற்ற முடியும் என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

4. கடைசியில் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட, கத்தினேன் என்பதே சரி. ஒரு மருமகள் அப்படிக் கத்திய பிறகுதான், உள்ளே கிடப்பவருக்கு உயிர் போகிற ஆபத்து என்று கலிப்பாவுக்கு உறைத்திருக்க வேண்டும். சாவியோடு எனக்கு முன்னால் ஓடினார். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தை அவரே தூக்கினார், அழுதுகொண்டே தூக்கினார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆம்புலன்ஸுக்காக வாசலில் காத்திருந்தபோதுதான் மேஜைமேல் திறந்து கிடந்த பதிவேட்டைப் பார்த்தேன். கலிப்பா என் மாமனார் பெயரை அதில் எழுதவே இல்லை! அந்த வரி வெறுமையாக இருந்தது. எழுதாமலே அறையைத் திறக்க முடியும் என்றால் என்னை எதற்காக ஐயா அங்கே நிறுத்தி வைத்தார்கள்?

5. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள். "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மாமனாரின் வலது கை எழவில்லை. பேச்சு உளறலாகத்தான் வருகிறது.

இதற்கிடையே பூங்காவிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு அறிக்கை வந்தது. "உடன் வந்த பெண்ணுக்கு நோயாளியின் பெயர் தெரியாததால் உதவி தாமதமானது" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்த ஜிபார், "இத்தனை வருஷம் எங்கப்பா வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அவர் பேரு தெரியாமப் போச்சா உனக்கு? வாயைத் தொறந்திருந்தா முத்தா உதிர்ந்திருக்கும்?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். என்ன நடந்தது என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கணவரிடம் போனில் அழுதேன். ஜிபார் சொல்லி அறிக்கையை முன்பே அறிந்திருந்த அவர், "ரிப்போர்ட்ல அப்படித்தானே எழுதியிருக்கு" என்றார். வரும் ஞாயிறன்று மாமனாரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதாகவும், நான் அவர் பக்கத்தில் வரக்கூடாது என்றும் ஜிபார் முடிவு செய்திருக்கிறார்.

6. இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம் வேறு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. அதுக்குத்தான் திரும்புறாரு" என்றார். பிள்ளைகள் தாத்தா என்கிறார்கள். அவர் மகள் ஜிபார் அப்பா என்கிறார். அவர் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு மூத்தவர் என்று யாரும் உயிரோடு இல்லை. ஜிபாரிடம் சொன்னேன். "பெத்த அப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதா? என் வாய் அழுகிப்போகும்" என்றார்.

ஒருமுறை சொல்லிவிட்ட வாய்தானே என்று நான் தொடங்கினேன். முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். திரும்பினார்! இப்போது தினமும் சூப் ஊட்டும்போது கூப்பிடுகிறேன், திரும்பி வாயைத் திறக்கிறார். ஜிபார் வீட்டில் அவரை யார் கூப்பிடுவார்கள்? பெயர் தெரியாதவள் என்று என்னை எழுதிவைத்த அந்த வரி இருக்கும்வரை, என் பேச்சை இந்த வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை.

7. ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வரியை அறிக்கையிலிருந்து நீக்கி, நடந்தது நடந்தபடி எழுத வைத்து, அதன் நகலை என் கணவருக்கும் நாத்தனாருக்கும் அனுப்பி உதவ வேண்டும். கலிப்பாவை வேலையிலிருந்து எடுக்கும்படி நான் கேட்கவில்லை. தான் என்ன சொன்னார் என்பதை அவர் தன் கையால் எழுதிக் கொடுத்தால் போதும். பெயர் கேட்கும் அந்தப் பலகையையும் கழற்ற உத்தரவிட வேண்டும். முதலில் கதவைத் திறக்கட்டும், பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளட்டும்.

அறிக்கையைத் திருத்துவதற்கு நோயாளியின் பெயர் தேவைப்படும் என்பதால் அதையும் என் கையாலேயே எழுதுகிறேன்: தாஷ்தான்பெக் கெரிம்குலோவ். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வாய்விட்டு ஒருமுறை வாசித்தேன். ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துப் படுத்திருந்தவர் திரும்பி என்னைப் பார்க்கிறார். மனுவை இத்துடன் முடிக்கிறேன் ஐயா, அவருக்கு என்ன வேண்டும் என்று போய்க் கேட்க வேண்டும்.

இடம்: சாரி-தெரெக்
நாள்: 19 அக்டோபர், வியாழன்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மைராம்கான் ஷெரலியேவா,
மேற்படி தாஷ்தான்பெக் கெரிம்குலோவின் மருமகள்