வேலிப் பொட்டு

1934, ஆடிப்பிறப்பு, இரவு.

மலாயாவிலிருந்து வந்திருக்கும் அண்ணைக்கு எங்கள் ஊரில் எதுவும் பிடிக்கவில்லை.

"வேலிக்கு வழக்காடுற சனத்தோடை என்னெண்டு இருக்கிறாய்? என்னோடை வா" என்றார்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்காவோடு எங்களுக்கு எல்லை வழக்கு நடப்பது உண்மைதான். அதற்காக, இரு வீட்டாரும் நுழைந்து போகும் வேலிப் பொட்டை அண்ணை ஓலை வைத்து அடைத்திருக்க வேண்டாம்.

மாலையில் பொன்னம்மாக்கா ஆடிக்கூழோடு வந்து வேலிக்கு அப்பால் நின்று சத்தம் போட்டார்.

"ஆரடி பொட்டை அடைச்சது? வழக்கு வேலிக்குத்தானே, பொட்டுக்கு இல்லையே!"

அண்ணை கத்தியோடு போய், தான் கட்டிய கட்டைத் தானே அறுத்துவிட்டார். கூழை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை வழக்குக்கு நானும் அக்காவும் ஒரே வண்டியில்தான் போகிறோம். மலாயாவில் எனக்கு இப்படி யார் இருக்கிறார்கள்?